மேலேயிருந்து தெரிந்தது

குடத்தை இறக்கியபோது பிடரியில் அந்தப் பழைய வலி சரசாவைப் பிடித்துக்கொண்டது. கலவைச் சட்டி சுமந்த காலத்திலிருந்து அங்கேயே குடியிருக்கும் வலி. பல்லைக் கடித்து நிமிர்ந்து, வாசலில் நாற்காலியில் உட்காரவைத்துக் கட்டியிருந்த தம்பியின் தலையில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றினாள். காதுக்குப் பின்னால் ஒட்டியிருந்த சிமெண்டு கரைந்து கழுத்தில் வழிந்தது. அதை விரலால் தேய்த்துவிட்டாள்.

தம்பி பச்சையப்பன் கட்டடங்களில் கம்பி கட்டுகிறவன். இருபது வயதில் சாரத்தில் ஏறியவன் ஒரு நாளும் விழுந்ததில்லை. நேற்று டீக்கடை பெஞ்சில், கையில் டம்ளரோடு, பக்கத்து ஆள் தோளில் சாய்ந்தான். தூங்குகிறான் என்று நினைத்து அந்த ஆள் அசையாமல் உட்கார்ந்திருந்தானாம்.

"சீக்கிரம் ஆவட்டும்மா. பொழுது சாயறதுக்குள்ள எடுக்கணும்." அந்தத் தெருவில் எந்தச் சாவென்றாலும் முன்னால் நின்று நடத்துகிற பூபாலன் அதட்டினார்.

சரசா தம்பி மகன் ஜெகதீஷைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் இழுத்தாள்.

"ஜெகதீசு, அங்க நடக்கறத வந்து அத்தைக்கு சொல்றியா?"

"இன்னாத்த சொல்றது அத்த?"

"எப்படி அடுக்குனாங்க, எப்படி எரிஞ்சிச்சு... எல்லாந்தான்."

"அதெல்லாம் எதுக்கு கேட்டுகினு? நானே கண்ண மூடிகினு கொள்ளி வெக்கப் போறேன்." சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவனைக் குறை சொல்வதற்கில்லை.

சுடுகாட்டுக்குப் பெண்கள் போகிற வழக்கம் இல்லை. தெருமுனையோடு சரி. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அவள் புருஷனுக்கும் அந்த முனையில்தான் நின்றாள். மூன்று தடவையும் பச்சையப்பன்தான் திரும்பி வந்து, தலையில் தண்ணீர் சொட்டச் சொட்ட அவள் பக்கத்தில் குந்தி, ஒன்றுவிடாமல் சொன்னான். அம்மாவுக்கு மழையில் விறகு நனைந்து பிடிக்காமல் போனது, டீசலுக்கு ஓடியது, எரிக்கிற ஆளோடு சண்டை வந்தது, எதையும் மறைக்கவில்லை. "கை லேசா தூக்கிச்சுக்கா. பயப்படாத, அது நரம்பு இழுக்கறது" என்றான். அதைக் கேட்ட பிறகுதான் அவளுக்குச் சோறு இறங்கியது.

பார்த்ததைச் சொல்வது அவனுக்கு அப்போதிருந்தே பழக்கம். பூந்தமல்லிக்குப் பக்கத்தில் இந்த அடுக்குமாடிகள் எழும்பிய காலத்தில் அவன் மேலே, அவள் கீழே. கட்டுக்கம்பித் துண்டை மேலிருந்து அவள் காலடியில் போடுவான்.

"யக்கா, ஏரோப்ளேன் எறங்குது."

"கண்ணு போயிடும்டா பேமானி. கம்பி போடாத."

"யக்கா, கடலு தெரியுது."

"கடலு எங்க கீது, நீ எங்க கீற? புளுவாத."

"நம்பலன்னா ஏறி வந்து பாரு."

சித்தாளுக்கு சாரத்தின் உச்சியில் என்ன வேலை? சோற்று நேரத்தில் அவள் தூக்கில் இருக்கும் கருவாட்டைப் பாதிக்குமேல் எடுத்துக்கொண்டு, கடலில் எத்தனை கப்பல் நின்றது என்றுகூடச் சொல்வான். சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறும். அந்தச் சிரிப்பு பிறகு எந்த வேலையிலும் அவளுக்கு வந்ததில்லை.

வீடுகளில் ஜனம் நிரம்பி, நடுரோட்டில் தூண்கள் முளைத்து, தூண்கள்மேல் ரயில் ஸ்டேஷனும் வந்தது. அதற்கும் அவன்தான் கம்பி கட்டினான். அங்கே சரசாவுக்குத் தரை துடைக்கிற வேலை கிடைத்தபோது அவனுக்குக் கொண்டாட்டம்.

"நீயும் மேல ஏறிட்ட. இன்னா தெரியுது?"

"தொடைக்கவே நேரம் பத்தல. எங்க பாக்கறது?"

அது பொய். பிளாட்பாரத்தின் மேற்குக் கோடியில் நின்றால் சுடுகாடு தெரியும். போன புயலில் எரிமேடைக் கூரையின் தகரம் பறந்துவிட்டதால் மேடையே தெரியும். அதை மட்டும் அவள் தம்பியிடம் சொல்லவேயில்லை.

பாடையைத் தூக்கினார்கள். மேளம் முன்னால் போனது. பச்சையப்பன் பெண்டாட்டி ராணியை இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். முன்பு தெருமுனை இருந்த இடத்தில் இப்போது ஸ்டேஷனின் படிக்கட்டு வந்து இறங்கியிருந்தது. அங்கே பூபாலன் கையை உயர்த்தினார்.

"பொம்பளைங்க இத்தோட நின்னுக்குங்க."

பெண்கள் அழுது முடித்து, குளிக்கவும் வீட்டைக் கழுவவும் திரும்பினார்கள். சரசா திரும்பவில்லை. படிக்கட்டு ஓரமாக, துடைப்பத்தோடு சபீனா நின்றிருந்தாள். சரசாவோடு வேலை செய்கிறவள். காலை ஷிப்ட் முடிந்தும் சரசாவுக்காக மதிய ஷிப்டிலும் நின்றுகொண்டிருந்தாள்.

"இன்னாக்கா, இங்கியே நிக்கற?"

"மேல வுடுறியா?"

சபீனா ஒரு கணம் அவளைப் பார்த்தாள். மேற்குக் கோடியிலிருந்து என்ன தெரியும் என்று அவளுக்கும் தெரியும்.

"தீட்டோட வரேன்டி. குளிக்கக்கூட இல்ல."

"ஏறுறவன்லாம் குளிச்சிட்டா வர்றான்? தெனம் மூக்கப் புடிச்சிகினு நாமதான தொடைக்கறோம்? வாக்கா." தன் கார்டைக் காட்டிப் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டாள்.

மேலே கூட்டம் நெரித்தது. முதுகில் பையும் காதில் ஒயருமாகப் பிள்ளைகள் போனைப் பார்த்தபடி நின்றார்கள். மேற்குக் கோடியில் ஒரு ஜோடி சாயும் சூரியனோடு படம் எடுத்துக்கொண்டிருந்தது. சரசா போய் நின்றதும், அவள்மேல் ஒட்டியிருந்த சாவுப் பூமாலை வாசனையோ என்னவோ, அவர்கள் நகர்ந்துகொண்டார்கள்.

பாடை ஏரிக்கரையில் திரும்புவது தெரிந்தது. மேலிருந்து பார்க்க அவன் ரொம்பச் சின்னதாக இருந்தான். மேடையில் வைத்தார்கள். ஜெகதீஷ் குடத்தோடு சுற்றினான். பூபாலன் பின்னால் போய்க் கத்தியால் குடத்தைக் கொத்தினார். கொள்ளி வைக்கிறபோது பையன் சொன்னபடியே முகத்தைத் திருப்பிக்கொண்டான். சரசா திருப்பவில்லை.

விறகு காய்ந்த விறகுதான். சட்டென்று பிடித்தது. காற்று தெற்கே அடித்ததால் புகை ஸ்டேஷன் பக்கம் வரவில்லை. கை தூக்கியதா என்று பார்த்தாள். இத்தனை தூரத்தில் அது தெரியவில்லை.

ஒரு ரயில் வந்து, கூட்டத்தை இறக்கிவிட்டு, வேறு கூட்டத்தை ஏற்றிக்கொண்டு போனது. அவள் அங்கேயே நின்றாள். கிழக்கே திரும்பிப் பார்த்தாள். வீடுகள், அதற்குப் பின்னால் வீடுகள், தண்ணீர் டேங்குகள். கடல் எங்குமே இல்லை. தெற்கே தாழ்வாக விளக்குப் போட்டுக்கொண்டு ஒன்று வந்தது.

"ஏரோப்ளேன் எறங்குது," என்றாள்.

பின்னால் வாளி உருளும் சத்தம் கேட்டது. சபீனா.

"தெரிஞ்சிச்சாக்கா?"

"தெரிஞ்சிச்சு. நல்ல வெறகு."

சரசா துடைப்பத்துக்குக் கை நீட்டினாள். சபீனா அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"ஊட்ல தேடுவாங்க. போய்க் குளி. எனக்கும் இப்டி ஒண்ணு வரும்ல, அப்ப நீ எனக்காக நில்லு."

சரசா தலையாட்டினாள். கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கினாள். பிடரி வலித்தது. சபீனாவுக்கு அவள் ஒரு ஷிப்ட் பாக்கி.