மூலையில் மாட்டிய கறுப்புக் காய்கள்

இராயப்பனும் திருநாவுக்கரசும் பேசிக்கொள்வதில்லை என்பது சூலியா தெருவுக்கே தெரிந்துவிட்டது. ஒரு விளையாட்டுக்காகவா இத்தனை கோபம் என்றுதான் யாருக்கும் புரியவில்லை.

இராயப்பன் கப்பல் கம்பெனிக் குமாஸ்தா. திருநாவுக்கரசு அரிசிக் கிட்டங்கியில் வேலை. சீன மருந்துக்கடை முதலாளியான தவுக்கே இருவருக்கும் கற்றுக்கொடுத்த ஆட்டம் அவர்களை ஒட்டவைத்திருந்தது. கோடுபோட்ட பலகையில் கறுப்பும் வெள்ளையுமாகக் காய்களை வைத்து ஒருவரையொருவர் வளைக்க வேண்டும். வளைபட்ட கூட்டத்துக்குள் இரண்டு தனித்தனி வெற்றிடங்கள் இருந்தால் அது பிழைக்கும். தவுக்கே அவற்றைக் கண் என்பார். கண் ஒன்றுதான் என்றால் சாவு.

தைப்பிங்கில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பிய தவுக்கே, பலகை மூலையில் ஒரு புதிரை அடுக்கிவிட்டுப் போனார். கறுப்பு முதலில் வைத்தால் பிழைக்குமா?

"பிழைச்சிடும் தம்பி. இங்க ஒண்ணு வெச்சா ரெண்டு கண்ணு" என்றார் இராயப்பன்.

"எங்கண்ணே ரெண்டு? வெள்ளை உள்ளே ஒரு காயைப் போட்டா ஒரு கண்ணு போச்சுலா. செத்ததுதான்."

வாக்குவாதம் முற்றியது. "நேத்து ஆடக் கத்துக்கிட்டவன், நீ எனக்குச் சொல்ல வந்துட்டியா?" என்று இராயப்பன் கத்திவிட்டார். கடையிலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். திருநாவுக்கரசு குடையை எடுத்துக்கொண்டு வெளியேறினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில் சாமியார் பிரசங்கம் செய்துகொண்டிருக்க, இராயப்பனின் மனம் பலகை மூலையிலேயே கிடந்தது. வெள்ளை உள்ளே விழுகிறது. கறுப்பு அதை வெட்டுகிறது. வெள்ளை அதே இடத்தில் மறுபடி விழுகிறது. கண் அடைந்துபோகிறது! அவருக்குச் சுருக்கென்றது. அந்தப் பையன் சொன்னதுதானே சரி? நாலு பேர் முன்னால் அவனை அப்படிப் பேசிவிட்டோமே.

பூசை முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் டத்தோ கிராமட் ரோட்டுக்கு டிராம் ஏறினார்.

கதவைத் திறந்தது திருநாவுக்கரசின் மனைவி லெட்சுமி. "வாங்கண்ணே! இவரு உங்க வீட்டுக்குத்தான் கிளம்பிக்கிட்டிருக்காரு."

சட்டைப் பித்தானைப் போட்டபடி திருநாவுக்கரசு வந்தார். "அண்ணே, தப்பு என்மேலதான். கறுப்பு பிழைச்சிடும்."

"எப்படிப் பிழைக்கும்? நீ சொன்ன காயைப் போட்டாச் செத்துடும். கோயில்லயே பாத்துட்டேன்."

"சாகாதுண்ணே!"

"சாகும்யா!"

லெட்சுமிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "சண்டை போடுறதுக்காகக் கட்சி மாறிட்டீங்களா ரெண்டு பேரும்?"

சிமெண்டுத் தரையில் சுண்ணக்கட்டியால் கோடு கிழித்தார்கள். கறுப்புக்குப் புளியங்கொட்டை, வெள்ளைக்கு மொச்சை. இராயப்பன் அன்று சொன்ன இடத்தில் ஒரு புளியங்கொட்டையை வைத்தார். திருநாவுக்கரசு மொச்சை ஒன்றை உள்ளே தள்ளினார். இராயப்பன் உடனே அதை வெட்டக் கையை நீட்டினார்.

"அங்கதான் நானும் மாட்டினேன். வெட்டாதீங்க. அதை விட்டுட்டு இந்தப் பக்கம் வைங்க."

வைத்தார். உள்ளே போன மொச்சை வெளியேற வழியில்லாமல் நின்றது. அதைக் காப்பாற்றப் போனால் கூட வருவதும் சேர்ந்து சாகும். கண்கள் இரண்டும் பத்திரமாக இருந்தன.

இராயப்பன் குனிந்து ஒவ்வொரு காயாக விரல் வைத்துச் சரிபார்த்தார்.

"அப்போ நான் சொன்னதுதான் சரி" என்றார் கடைசியில்.

"பதில் சரிண்ணே. ஆனா ஏன் சரின்னு அன்னிக்கு உங்களுக்கும் தெரியாது."

இராயப்பன் சிரித்துவிட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அன்னிக்கு நான் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது தம்பி" என்றார்.

"விடுங்கண்ணே. சாப்பிட்டுத்தான் போகணும்."

லெட்சுமி இலை போடும்போது, வெள்ளை முதலில் வைத்தால் என்ன ஆகும் என்று இருவரும் பேச ஆரம்பித்திருந்தார்கள்.