இடப்பக்க இருக்கைகள்

ஏரியின் இரண்டு கரைகளிலும் இரண்டு பூங்காக்கள் இருந்தன. கிழக்கே பழையது, மேற்கே புதியது. அங்கே வேலை செய்பவர்கள் அவற்றை இக்கரை, அக்கரை என்றுதான் சொல்வார்கள். எது இக்கரை என்பது யார் பேசுகிறார் என்பதைப் பொறுத்தது. துணி வெளுக்கும் கடையின் மாடியில் குடியிருந்த அந்த மூன்று பேர் வீட்டில் மட்டும், கொஞ்ச நாளாக இரண்டுமே இக்கரையாக இருந்தன.

மனைவிக்குப் பழைய பூங்காவில் வேலை. 'ஒட்டகம்' என்ற ரோலர் கோஸ்டரின் மேடையில் நிற்பாள். ரயில் வந்து நின்று ஆட்கள் ஏறி உட்கார்ந்ததும், அவர்கள் மடிமேல் இறங்கும் கம்பிகளை ஒவ்வொன்றாகப் பிடித்து மேலே இழுத்துப் பார்க்க வேண்டும். அசையாவிட்டால் பூட்டியிருக்கிறது. கடைசிக் கம்பியையும் இழுத்துவிட்டுக் கட்டைவிரலை உயர்த்துவாள். கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கும் கணவன் அந்த விரலைப் பார்த்துப் பொத்தானை அழுத்துவான். மகள் பிறப்பதற்கு முன்பிருந்தே இப்படித்தான். கல்யாணமே அந்த விரலில் ஆரம்பித்ததுதான் என்பார்கள் கூட வேலை பார்த்தவர்கள். அவளுக்கு அவர்கள் வைத்த பெயர் 'இழுப்பக்கா'. வீட்டுக்காரரையும் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வெளியே விடுவாளாம். அவள் சிரித்துக்கொள்வாள்.

கணவன் அக்கரைக்குப் போனது வீட்டுக்காக. மாடி வீட்டில் ஒரு சுவர் எப்போதும் சுட்டுக்கொண்டே இருக்கும். கீழே துணி உலர்த்தும் இயந்திரங்கள் ஓடும்வரை அதன்மேல் கை வைக்க முடியாது. மகள் அந்தச் சுவரிலிருந்து தள்ளிப் படுத்துப் படுத்து, இப்போது கட்டிலின் விளிம்பில்தான் தூங்குகிறாள். புதிய பூங்காவில், கணவனும் மனைவியும் அங்கேயே வேலை செய்தால், ஏரியைப் பார்த்தபடி பால்கனியோடு வீடு கொடுக்கிறார்கள். 'மின்னல்' என்ற அவர்களுடைய பெரிய ரோலர் கோஸ்டரை இயக்க அவனைக் கூப்பிட்டார்கள். இந்த மாதக் கடைசிவரை சோதனைக் காலம். அதற்குள் ஒரு தப்பும் நடக்காமல் இருந்தால் வேலை நிரந்தரம். அவளும் கையெழுத்துப் போட்டால் வீடு உறுதி. அவன் தினமும் கேட்டான். அவள் தினமும், பார்க்கலாம் என்றாள்.

கடைசியில் ஒரு நாள் பார்வையாளராக வந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று ஒப்புக்கொண்டாள். பத்து வயது மகள் தன்னைத் தானே நீதிபதியாக நியமித்துக்கொண்டாள். ஒன்றை மட்டும் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்வது அநியாயம் என்று, முந்தின வாரமே மூவரையும் பழைய பூங்காவுக்கு டிக்கெட் எடுக்க வைத்தாள்.

அன்று ஒட்டகத்துக்குப் பத்துக்கு ஏழு மதிப்பெண் கிடைத்தது. இருக்கை உறை கிழிந்திருந்தது, இரண்டாவது திமிலில் ரயில் முனகியது. ஏழில் ஒன்று அம்மாவுக்காகப் போட்டது என்று பிறகு ஒத்துக்கொண்டாள். சாப்பாட்டுக் கூடத்தில் நிலைமை மோசம். சூப் கேட்டதையே மறந்த பிறகுதான் சூப் வந்தது. ரொட்டி ஒரு பக்கம் கருகியிருந்தது. பரிமாறுபவர் அவர்கள் மேசையில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு தன் முழங்கால் வலியை ஆதியோடு அந்தமாகச் சொன்னார். வறுத்த மீன் வந்துகொண்டே இருக்கிறது என்று அவர் சொன்னபோது, எந்த ஊரிலிருந்து என்று கணவன் கேட்டான். ஆனால் யாரும் அவர்களை எழுப்பவில்லை. ஏரியில் வெயில் சாயும்வரை உட்கார்ந்திருந்தார்கள். சாப்பாட்டுக்கு ஐந்து.

அடுத்த வாரம் புதிய பூங்காவுக்கு அம்மாவும் மகளும் மட்டும் வந்தார்கள்; கணவன் மின்னலில் வேலையில் இருந்தான். அங்கே எதற்கும் நிற்க வேண்டியிருக்கவில்லை. நுழைவாயிலிலேயே தரை நகர்ந்தது. குடை ராட்டினம் சுற்றுவதை நிறுத்துவதே இல்லை. சுற்றச் சுற்றவே ஏறி, சுற்றச் சுற்றவே இறங்கினார்கள். இருட்டுக் குகைக்குள் போகும் படகுகள் ஒன்றின் வாலை ஒன்று தொட்டுக்கொண்டு வந்தன. காலை வைப்பதற்குள் ஒரு கை முதுகில் மெல்லப் பட்டு உள்ளே அனுப்பியது. அந்தக் கைக்குச் சொந்தமான முகம் சிரித்துக்கொண்டிருந்தது. எல்லா முகங்களும் சிரித்துக்கொண்டிருந்தன. படகுக்கு ஒன்பது, ராட்டினத்துக்கு ஒன்பது என்று மகள் அள்ளி வழங்கினாள். அம்மாவுக்கோ ஏதோ ஒரு பெரிய விலங்கு தங்களை மெல்லாமலே விழுங்கிக்கொண்டிருப்பது போல இருந்தது. பழைய இடத்துப் பாசம் கண்ணை மறைக்கிறது என்று தன்னையே கடிந்துகொண்டாள்.

மதியச் சாப்பாட்டுக் கூடத்தின் கூரை முழுக்க நட்சத்திரங்கள் சுழன்றன. பட்டியலை மூடுவதற்குள் தட்டுகள் வந்துவிட்டன. சூப் கொதித்தது, ரொட்டி பூப்போல இருந்தது. குறை சொல்ல எதுவுமில்லை. மகள் மீனில் பாதியைத் தின்றுவிட்டுத் தண்ணீருக்குத் திரும்பியபோது தட்டு போய்விட்டது. யார் எடுத்தார்கள் என்று பார்க்க முடியாத அளவுக்கு ஆட்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் ஒரு நடுவயதுப் பெண் மட்டும் மஞ்சள் மேலங்கி போட்டிருந்தாள். அது சமையலறை உடுப்பு இல்லை, ரயில் மேடையில் நிற்பவர்கள் போடுவது. அவள் அந்தப் பெண்ணை நிறுத்தி, எங்கே வேலை என்று விசாரித்தாள்.

“மின்னல்ல, இடப்பக்கம்,” என்றாள் அந்தப் பெண், இரண்டு கையிலும் தட்டுகளோடு. “சாப்பாட்டு நேரத்துல எங்கள இங்க கூப்பிட்டுருவாங்க.”

“அப்ப இடப்பக்கம் யாரு பாக்குறது?”

“வலப்பக்கத்துல இருக்கவரு ஒரு சுத்து வந்துருவாரு. நீங்க சாப்பிடுங்க, ஆறிடப் போகுது.”

அதற்கு மேல் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மகள் மீனுக்காக ஒன்றைக் குறைத்து எட்டுப் போட்டுவிட்டு, அப்பாவின் ரயிலுக்குக் கிளம்பினாள். கூட்டம் சாப்பிட்டு முடியட்டும், அப்புறம் போகலாம் என்று அவள் இழுத்தடித்தாள். அப்பா இன்னும் கொஞ்ச நேரம்தான் கூண்டில் இருப்பார், அப்பாதான் அனுப்ப வேண்டும் என்று மகள் பிடித்த பிடியில் நின்றாள். சரி, நானே பக்கத்தில் உட்கார்ந்து இவளுடைய கம்பியை இழுத்துப் பார்த்துக்கொள்கிறேன், வேறு யாரும் வேண்டாம் என்று தனக்குள் சொல்லிக்கொண்டு அவள் எழுந்தாள்.

பக்கத்தில் உட்கார விடவில்லை. ஒரு வரிசைக்கு இரண்டே இருக்கைகள், இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. காலியாக எது தெரிகிறதோ அதில் ஆளை நிரப்புவதுதான் இங்கே வழக்கம். மேடைக்காரர் விரலை நீட்டிய திசையில் மகள் ஓடி முதல் வரிசையின் இடப்பக்கம் ஏறினாள். அம்மா வாயைத் திறப்பதற்குள் ஒரு கை அவள் முதுகைத் தொட்டது. கடைசி வரிசையில் வலப்பக்கம் அவள் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு பருத்த மனிதர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

மேடைக்காரர் வலப்பக்கக் கம்பிகளை வரிசையாக அழுத்திக்கொண்டே வந்தார். இழுக்கவில்லை. அவளுடையதையும் அழுத்திவிட்டு, இடப்பக்கம் போவதற்காக ரயிலின் வாலைச் சுற்றினார். அவள் தன் கம்பியை இழுத்தாள், அசையவில்லை. பக்கத்து மனிதரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவருடையதையும் இழுத்தாள், அதுவும் அசையவில்லை. இரண்டு கம்பிகள் சரியாக இருந்தன. அவள் கைக்கு அது போதுமானதாக இருந்தது. வருடக்கணக்காகச் செய்ததை அது செய்தது. கட்டைவிரல் மேலே உயர்ந்தது.

கூண்டுக்குள் கணவன் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த விரலைக் கண்டதும் அவன் முகத்தில் ஒரு நிம்மதி பரவியது. எத்தனையோ நாள் கழித்துத் தாய்மொழியைக் கேட்டவன் போலச் சிரித்தான். பொத்தானை அழுத்தினான்.

வாலைச் சுற்றி வந்துகொண்டிருந்த மேடைக்காரர் துள்ளிப் பின்வாங்கினார்.

ரயில் சரிவில் ஏறத் தொடங்கியது. அடியில் சங்கிலி டக்டக்கென்று பல்லைக் கடித்தது. வெகு தூரத்தில், முதல் வரிசையில், மகளின் குடுமி ஆடிக்கொண்டிருந்தது. கம்பியை இழுத்துப் பார், இழுத்துப் பார் என்று அவள் கத்தினாள். குரல் மட்டும் போய்ச் சேர்ந்தது போலும். மகள் பாதி திரும்பிச் சிரித்துவிட்டு இரண்டு கைகளையும் வானத்தை நோக்கித் தூக்கினாள். அதைப் பார்த்து மற்றவர்களும் தூக்கினார்கள். முழு ரயிலும் கைகளாக நின்றது.

அவள் உடம்பை முறுக்கிப் பின்னால் திரும்பித் தலைக்குமேல் கைகளைக் குறுக்காக வைத்தாள். நிறுத்து என்பதற்கு இரண்டு கரையிலும் அதுதான் சைகை. பழைய பூங்காவில் ரயில் உச்சியைத் தாண்டும்வரை அவன் கண்ணெடுக்க மாட்டான். இங்கே அடுத்த ரயில் ஏற்கனவே மேடைக்கு வந்துகொண்டிருந்தது. அவன் அதைத்தான் கவனித்தான். பிறகு எதனாலோ ஒருமுறை நிமிர்ந்தான்.

சங்கிலி நின்றது. முன்னால் யாரோ ஏமாற்றத்தில் ஊளையிட்டார்கள்.

சரிவை ஒட்டி இடப்பக்கமாகக் குறுகலான படிக்கட்டு போனது. அவன் மூச்சு வாங்க ஏறி, அவளைக் கடந்து, நேரே முதல் வரிசைக்குப் போனான். மகளின் கம்பியைப் பிடித்து இழுத்தான். அது பூட்டாத பெட்டியின் மூடி போல, ஒரு சத்தமும் இல்லாமல், அவன் மார்பு உயரத்துக்கு வந்தது. அதைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றான். அவ்வளவு தூரத்திலிருந்தும் அவன் பிடரி வெளுத்தது அவளுக்குத் தெரிந்தது. பிறகு மகளை அக்குளில் கைகொடுத்துத் தூக்கிப் படியில் நிறுத்தினான்.

அவனுடைய இடுப்பில் வாக்கி டாக்கி கரகரத்தது. சூப்பர்வைசர் குரல். ஏன் நின்றது, எல்லாம் பூட்டியிருக்கிறதா, அடுத்த ரயில் நிரம்பிவிட்டது. அவன், ஒரு நிமிஷம் சார் என்றான்.

மகள் கையைப் பிடித்துக்கொண்டு அவன் இறங்கி வந்தான். இரண்டாவது வரிசை, மூன்றாவது வரிசை. ஒவ்வொன்றின் அருகிலும் குனிந்து இடப்பக்கக் கம்பியைப் பார்த்தான். கை எந்தக் கம்பியையும் தொடவில்லை. மகளுடைய கம்பியும் கண்ணுக்குப் பூட்டியதாகத்தான் தெரிந்தது என்பது அவனுக்குத் தெரியாதா? இப்போது தொடுவான், இதைத் தொடுவான் என்று அவள் காத்திருந்தாள். கடைசி வரிசைவரை வந்துவிட்டான்.

“எல்லாம் பூட்டியிருக்கு,” என்றான்.

“இழுத்துப் பாத்தீங்களா?”

“பாத்தேன்.”

“பாத்தது தெரியுது. இழுத்தீங்களான்னு கேக்குறேன்.”

அவன் குரலைத் தாழ்த்தினான். இன்னொரு கம்பி கழன்று வந்தால் அத்தனை பேரையும் படியில் நடத்தி இறக்க வேண்டும். அப்படி இறக்கினால் இன்றோடு சரி, வேலையும் இல்லை, வீடும் இல்லை. பழைய இடத்திலும் தன்னைத் திரும்பச் சேர்க்க மாட்டார்கள். ஒரு கம்பி கழன்றால் எல்லாமா கழன்றிருக்கும்? அவளையும் இறக்கிவிடுவதாகச் சொன்னான். பெட்டியின் அடியில் இருந்த, பூட்டைத் திறக்கும் மிதிமேல் காலை வைத்தான்.

“ஒவ்வொண்ணா இழுத்துட்டு வாங்க,” என்றாள் அவள். “அப்புறம் எறங்குறேன்.”

“புள்ள முன்னாடி பிடிவாதம் பண்ணாத.”

“புள்ளைய எறக்கிட்டீங்கல்ல. இவங்கல்லாம்?”

பக்கத்தில் இருந்தவர், கிளம்புமா கிளம்பாதாம்மா என்று அவளிடம் கேட்டார். முன்வரிசைகளில் கைதட்ட ஆரம்பித்திருந்தார்கள். தாளம் பிடித்து, எல்லோரும் சேர்ந்து. வாக்கி டாக்கி மறுபடி அவனைக் கூப்பிட்டது. அவன் மேலே பார்த்தான், கீழே பார்த்தான், மிதியிலிருந்து காலை எடுத்தான். மகள், அம்மா வரலையா என்று கேட்டாள். அவன் மகளை நடத்திக்கொண்டு இறங்கினான்.

மனைவி பயப்படவில்லை. தான் உட்கார்ந்திருக்கும்வரை அவன் இந்த ரயிலைக் கிளப்ப மாட்டான். அதற்காகத்தானே உட்கார்ந்திருக்கிறாள். மேடைக்காரரையும் கூட்டிக்கொண்டு திரும்பி வருவான், கத்துவான், ஆனால் இழுப்பான். வீட்டில் சாப்பிடாமல் படுத்துக்கொள்வான். அதைச் சமாளித்துக்கொள்ளலாம்.

மகளை அவன் கூண்டுக்கு வெளியே நிறுத்தினான். உள்ளே போனான். கண்ணாடியில் மேகம் விழுந்து அவன் முகம் தெரியவில்லை. அவள் இரண்டு கட்டைவிரல்களையும் உள்ளங்கைக்குள் மடக்கி, முஷ்டியை இறுக்கி, எல்லோரும் பார்க்கும்படி மேலே தூக்கிக் காட்டினாள்.

சங்கிலி விறைத்தது. ரயில் ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு ஏறியது. எல்லோரும் ஆர்ப்பரித்தார்கள்.

கீழே மகள் கையசைத்தாள். அவள் பதிலுக்கு அசைக்கவில்லை. முன்னால் எக்கி, இடப்பக்கம் கையை நீட்டினாள். முன் இருக்கையின் முதுகைத் தாண்டி அவள் விரல்கள் ஒரு பெண்ணின் கூந்தலைத்தான் தொட்டன. கம்பி அதற்கும் அப்பால் இருந்தது.

“கம்பியக் கெட்டியாப் புடிச்சுக்குங்க,” என்றாள். “கைய எடுக்காதீங்க. முன்னாடி இருக்கவங்ககிட்டயும் சொல்லுங்க.”

அந்தப் பெண் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். பயமா இருந்தா கண்ண மூடிக்குங்கக்கா என்று அன்பாகச் சொல்லிவிட்டு, கைகளை உயரத் தூக்கினாள்.

அவளுக்கு முன்னால், இடப்பக்கத்தில், தலைகள் வரிசையாக வானத்துக்குள் ஏறிக்கொண்டிருந்தன. ஒரு வழுக்கை, ஒரு சிவப்புத் தொப்பி, இரண்டு பின்னல்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு காலி இருக்கை. முதலில் அதுதான் உச்சியைத் தாண்டி மறைந்தது. பிறகு ஒவ்வொரு தலையாகக் கீழ்நோக்கிச் சாயத் தொடங்கியது. சங்கிலியின் சத்தம் நின்றது.