பட்டனை அமுக்கியவர்

வெளியறையில் மய்யத்துக்குக் கபன் துணி சுற்றிக்கொண்டிருந்தபோதே ஹமீதா பீவி மருமகளின் கையைப் பிடித்து அடுக்களைக்குள் இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள். விடியற்காலையில் இறந்துபோன அவள் புருஷன் ஹனீபாவின் மய்யத்து அது.

“மக்கா, மூடுறதுக்கு முன்னால மாமாவுக்க முகத்தப் பாத்து, பொறுத்தேன்னு ஒரு வாக்கு சொல்லிரு. அந்தப் பட்டனை அமுக்கினது அவருதான். எனக்குத் தெரியும்.”

சஜ்னா கையை உருவிக்கொண்டாள். “எப்போலேர்ந்து தெரியும் மாமி?”

“அன்னைக்கு ராத்திரியே எங்கிட்ட சொன்னாரு.”

மூன்று வருஷம். தெரிந்துகொண்டே இந்த மாமி மூன்று வருஷம் அவள் கையால் சோறு வாங்கித் தின்றிருக்கிறாள். சஜ்னாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

குளச்சலில் முகம்மது ஹனீபாவின் கடை என்றால் படகு எஞ்சின் சாமான்களுக்குப் பேர்போனது. அந்தக் கடைக்குக் கணக்கு சாஃப்ட்வேர் வந்தது 2010-ல். வாங்கிய ஹனீபாவுக்கு அதைத் திறக்கக்கூடத் தெரியாது. பி.காம் படித்த சஜ்னாதான் கம்பெனிக்காரனை போனில் குடைந்து குடைந்து கற்றுக்கொண்டு, கடை முழுவதையும் அதற்குள் கொண்டுவந்தாள். படகுக்காரர்கள் போனில் கேட்கிற சாமானை வீட்டில் இருந்தே அவள் பதிவாள். அது கடையில் மாமாவின் திரையில் போய் நிற்கும். அவர் ‘சரி’ என்ற பட்டனை அமுக்கினால்தான் குடோனில் சீட்டு அச்சாகும், சாமான் வெளியே போகும். முதலாளி பார்க்காமல் ஒரு ஆணிகூட நகரக்கூடாது என்று அவர்தான் அப்படி வைக்கச் சொன்னார். ஆனால் பார்த்தாரா? சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு வந்து, ஒரு கையில் சாயாவைப் பிடித்துக்கொண்டு, திரையில் நிற்கிற அத்தனைக்கும் சேர்த்து ஒரே அமுக்கு. படிக்கிற வழக்கமே கிடையாது. கெத்துக்கு மட்டும் குறைச்சல் இல்லை.

மூன்று வருஷத்துக்கு முன்பு, மரியான் என்கிற படகுக்காரர் எஞ்சினில் தண்ணீர் இறைக்கும் ரப்பர் சக்கரம் ஒன்று கேட்டிருந்தார். அளவில் சந்தேகம் வந்ததால், ‘கேட்டுவிட்டு அனுப்பவும்’ என்று அதன்மேல் சிவப்பில் குறிப்பு எழுதி வைத்தாள் சஜ்னா. மாமாவின் அமுக்கில் அதுவும் போய்விட்டது. நடுக்கடலில் பழைய சக்கரம் கிழிந்தது. புதியதை மாட்டிப் பார்த்தால் சேரவில்லை. இரண்டு ராத்திரி எஞ்சின் இல்லாமல் மிதந்தவர்களை வேறொரு படகு கட்டி இழுத்து வந்தது. மரியான் கடைமுன் நின்று கத்த, ஊரே கூடியது. “வீட்டுல பொம்பள தப்பா அடிச்சிட்டா. அவளுக்கு என்ன தெரியும்?” என்றார் ஹனீபா.

அன்றோடு வீட்டிலிருந்த கம்ப்யூட்டரைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். கல்யாண வீடுகளில், ஆளைக் கொல்லப் பார்த்தவள் என்று அவள் காதுபடவே பேசினார்கள். தன்னுடையது என்று அவளுக்கு இருந்தது அந்த வேலை ஒன்றுதான். அதைப் பிடுங்கியவரை அவள் மனதார வெறுத்தாள்.

போன மாசம் அவருக்குப் பக்கவாதம் வந்து பேச்சு நின்றது. சஜ்னா கஞ்சி ஊட்ட வரும்போதெல்லாம், அசைகிற கையின் சுட்டுவிரலால் மெத்தையை அமுக்கிக் காட்டுவார். பிறகு தன் நெஞ்சைத் தொடுவார். கண் வடியும். அவளுக்கு நன்றாகவே புரிந்தது. “என்ன மாமா, தண்ணியா வேணும்?” என்று கேட்டு, ஒவ்வொரு தடவையும் தண்ணீரைப் புகட்டினாள். அவர் வேண்டாம் என்று தலையாட்டியபடியே குடித்தார்.

“உள்ள வச்சு வேண்டாம் மாமி,” என்றாள் இப்போது. “ஊருல வச்சுத்தானே எம்மேல பழி போட்டாரு. உங்க மவன் ஊருல வச்சு சொல்லட்டும்.”

“மௌத்தான மனுசன நாறடிக்காதட்டி!”

சஜ்னா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஹமீதா பீவி கதவைத் திறந்து மகனைக் கூப்பிட்டாள். தாய் சொல்லச் சொல்ல உவைஸின் முகம் வெளுத்தது. மனைவியைப் பார்த்தான்.

“எங்கிட்ட அப்பவே சொல்லியிருக்கலாம்லா?”

“சொன்னேன். நீங்க நம்பல்ல.”

“நாளைக்கு எல்லாருட்டயும் சொல்லுதேன் சஜ்னா. இன்னைக்கு வேண்டாம்.”

“நாளைக்கு வாசல்ல ஆள் இருக்காது.”

அவன் வெளியே போனான். மய்யத்தைச் சந்தூக்குப் பெட்டியில் வைத்து முற்றத்துக்குக் கொண்டுவந்தார்கள். புண்பட்டவர் பொறுக்காத குற்றத்தை அல்லாஹ்வும் பொறுக்கமாட்டான் என்பதால், தூக்குவதற்கு முன் இறந்தவருக்காக மகன் ஊரிடம் பொறுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்க வேண்டும். பெண்கள் திரைச்சீலைக்குப் பின்னால் நின்றார்கள். கேட் ஓரத்தில், தோள் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு மரியான் நிற்பது சஜ்னாவுக்குத் தெரிந்தது.

“எனக்க வாப்பா யாருக்காவது கடன் தரணும்னா எங்கிட்ட கேளுங்க. யாரு மனசயாவது நோவடிச்சிருந்தா பொறுத்துக்கிடுங்க,” என்றான் உவைஸ்.

“பொறுத்தோம்,” என்றது கூட்டம்.

சந்தூக்கைத் தூக்கக் குனிந்தவர்களை உவைஸ் கைகாட்டி நிறுத்தினான்.

“மரியான் அண்ணே, அன்னைக்கு அந்தச் சாமான போகவிட்டது எனக்க வாப்பாதான். நிறுத்தணும்னு எனக்க வீட்டுக்காரி எழுதி வச்சிருந்தா. வாப்பா படிக்காம அமுக்கிட்டாரு. பழிய அவ மேல போட்டுட்டாரு.”

சொல்லி முடிக்கும்போது அவன் குரல் உடைந்தது. சஜ்னாவுக்கு நெஞ்சு நிறைந்தது. இவ்வளவு இனிக்கும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. கொஞ்சம்கூட வெட்கமாக இல்லை.

“நான் பொறுத்தேன்,” என்றார் மரியான். “அந்தப் பிள்ளதான் பொறுக்கணும்.”

எல்லோரும் திரைச்சீலைப் பக்கம் பார்த்தார்கள். ஹமீதா பீவி அவள் தோளை உலுக்கினாள். “சொல்லு மக்கா. நீ கேட்டபடி செய்தாச்சுல்லா.”

சஜ்னா சந்தூக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள். நேரம் போயிற்று. தொழுகை நடத்த வந்திருந்த லெப்பை பொறுமையிழந்தார்.

“பொம்பளைக சத்தம் வெளிய கேக்கவா போகுது? மருமவளும் பொறுத்தாச்சு. தூக்குங்கப்பா.”

தூக்கினார்கள். கலிமா சொல்லும் சத்தம் தெருமுனை வரை கேட்டு, பிறகு பள்ளிவாசல் பக்கமாகத் தேய்ந்தது.

“நீ சொல்லல்லியே,” என்றாள் ஹமீதா பீவி.

“இல்ல.”

“வாக்கு தந்தியேட்டி!”

“ஊருல வச்சு சொல்லட்டும்னுதான் சொன்னேன் மாமி. பொறுப்பேன்னு சொல்லல்ல.”

ஹமீதா பீவி சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள். அடுத்த வீட்டுக்காரர்கள் கொண்டுவந்து வைத்த சோறும் மீன்கறியும் ஆறிக்கொண்டிருந்தன. பெண்கள் யாரும் தொடவில்லை. சஜ்னா ஒரு தட்டை எடுத்துச் சோறு போட்டுக் கறியை ஊற்றிக்கொண்டு மாமிக்கு எதிரே தரையில் அமர்ந்தாள். நல்ல பசி. முதல் சோறு தீர்ந்ததும் இன்னும் கொஞ்சம் போட்டுக்கொண்டு, மீன் முள்ளை நிதானமாக எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தாள்.