இருபத்தேழாவது கேள்வி

"நியாயத்தீர்ப்பு நாளிலை கடவுள் எத்தினைக்கு மார்க் போடுவார், ரீச்சர்?" என்று ஹன்னா ஒருமுறை ஓய்வுநாள் பாடசாலையில் கேட்டாள். அவளுக்கு அப்போது எட்டு வயது.

"நூறுக்கு," என்றாள் மிரியம்.

"அப்ப பாஸ் மார்க் எவ்வளவு?"

மிரியம் பிள்ளைகளை எழுப்பி அடுத்த ஞானப்பாட்டைப் பாடச் சொன்னாள். வாரத்தில் ஐந்து நாள் மார்க் போடுவதே அவளுடைய உத்தியோகம். ஞாயிற்றுக்கிழமையும் அதைப் பற்றிப் பேச அவளுக்கு விருப்பமில்லை.

முதியோர் இல்லங்களைப் பரிசோதித்துத் தரம் எழுதுகிற உத்தியோகத்தர் அவள். படிவத்தில் நாற்பது கேள்விகள். எழுபத்தைந்து மார்க்குக்கு மேல் எடுக்கிற இல்லத்துக்கு மூன்று வருடச் சான்றிதழ். சான்றிதழ் இருந்தால்தான் வெளிநாட்டுச் சங்கங்கள் உதவி அனுப்பும். ஆகையால் மிரியம் வருகிற நாளில் முதியவர்கள் எல்லோரும் காலை எட்டு மணிக்கே தலைவாரி, பவுடர் பூசி, கட்டிலில் நிமிர்ந்திருப்பார்கள். பத்து மணிக்குப் பவுடர் வியர்வையில் கரைந்துவிடும். அதற்குப் படிவத்தில் கேள்வி இல்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் போனது கரவெட்டியில் உள்ள தண்ணிழல் முதியோர் இல்லத்துக்கு. பொறுப்பாளர் கனகலிங்கம் ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர். அவளைக் கந்தோர் அறையில் இருத்தி, தேநீரும் இரண்டு றோல்ஸும் வைத்தார். அவள் முதல் றோல்ஸை முடிக்கும்வரை மரியாதையாகக் காத்திருந்துவிட்டுத் தன் கைத்தொலைபேசியை அவள் முன்னால் தள்ளினார்.

"உந்தப் படத்தைப் பாருங்கோ, மிஸ்."

படத்தில் ஒரு பெண்ணின் கை இருந்தது. கையில் ஓர் உருண்டை குழைத்த சோறு. சோற்றுக்கு முன்னால் பல்லில்லாத வாய் ஒன்று அகலத் திறந்திருந்தது.

"அப்பு ஆசையாத்தான் வாயைத் திறந்திருக்கிறார்," என்றாள் மிரியம்.

"வாயைப் பாக்காதேங்கோ, மிஸ். கையைப் பாருங்கோ."

"கையிலை என்ன?"

"கையாலை தீத்திறாள். அதுதான்."

விசயத்தை அவர் வரிசையாகச் சொன்னார். வாயின் சொந்தக்காரர் சிவசுப்பிரமணியம், எண்பத்துநான்கு வயது, முன்னாள் தபாலதிபர். ஞாபகம் போய் இரண்டு வருடம். மகன் கோபிசங்கர் ரொறன்ரோவில் ஒரு பண்டகசாலையில் இரவு வேலை செய்கிறார். தகப்பனின் கட்டிலுக்கு மேலே அண்மையில் தன் செலவில் ஒரு கமரா பூட்டியிருக்கிறார். இங்கே மத்தியானச் சாப்பாட்டு வேளையில் அங்கே அவருக்கு இடைவேளை. அப்போது பார்ப்பார். அப்படிப் பார்த்த ஒரு நாள் எடுத்த படம் இது. கைக்குச் சொந்தக்காரி யோசப்பின், பராமரிப்பாளர்.

"எங்கடை பதினாலாம் விதி தெளிவா இருக்கு," என்று கனகலிங்கம் சுவரைக் காட்டினார். பராமரிப்பாளர்கள் குசினிக்குள் நுழையலாகாது, உணவு கரண்டியால் மட்டுமே ஊட்டப்படும் என்று அங்கே அச்சிட்டுக் கண்ணாடி போட்டிருந்தது. கீழே சின்ன எழுத்தில், சுகாதாரம் கருதி.

"சமைக்கிற சிவக்கொழுந்து அம்மா கரண்டியாலையோ மாக் குழைக்கிறவ?" என்று மிரியம் கேட்டாள்.

"அவ எங்கடை ஆள்தானே."

"இவ?"

அறையில் வேறு யாரும் இல்லை. இருந்தும் கனகலிங்கம் குரலைத் தாழ்த்தினார். "உவள் குளத்தடிக் குடியேற்றத்துப் பக்கம். என்ன ஆக்கள் எண்டு நான் சொல்லத் தேவையில்லை. தெல்லிப்பழை நேசையா மாஸ்டரின்ரை மகளெல்லே நீங்கள். உங்களுக்கு விளங்கும்."

மிரியம் தலையாட்டினாள். தலை தானாகவே ஆடியது. நேசையா மாஸ்டரின் சபையிலும் எல்லோரும் ஒரே அப்பத்தைத்தான் புசித்தார்கள். கல்யாணப் பேச்சு வரும்போதுதான் யார் எந்த ஆள் என்பது ஞாபகத்துக்கு வரும்.

"மூண்டு வருசமா அவள்தான் அவருக்குக் குளிக்க வாக்கிறாள், பம்பர்ஸ் மாத்திறாள். அதிலை ஒரு முறைப்பாடும் இல்லை. நல்ல வேலைக்காரி," என்றார் கனகலிங்கம் நியாயமாக. "ஆனா மகன் இந்த மாசத்தோடை நிப்பாட்டச் சொல்லி எழுதியிருக்கிறார். நீங்கள் உந்த இருபத்தேழிலை ஒரு வரி எழுதிவிட்டீங்களெண்டா எங்களுக்கு லேசு. நாங்கள் நிப்பாட்டினதா இராது. அரசாங்கம் நிப்பாட்டினதா இருக்கும். அவளுக்கும் எங்களிலை கோவம் வராது."

இருபத்தேழாவது கேள்வி: உணவு வழங்குபவரின் கை சுத்தமாக உள்ளதா?

"ஆளைப் பாத்துப்போட்டு எழுதுறன்," என்றாள் மிரியம். மற்ற றோல்ஸைத் தின்னாமல் நிறைப் பதிவேட்டை எடுத்தாள்.

திங்கட்கிழமைதோறும் எல்லோரையும் நிறுத்து எழுதியிருந்தார்கள். சிவசுப்பிரமணியம் தை மாதத்தில் ஐம்பத்தொரு கிலோ, மாசியில் நாற்பத்தெட்டு, சித்திரையில் நாற்பத்துமூன்று. அந்த இடத்தில் யாரோ சிவப்புக் கோடு இழுத்திருந்தார்கள். அதன் பிறகு எண் ஏறத் தொடங்கியது. ஆடியில் நாற்பத்தொன்பது. கடைசியாக நேற்று எழுதியது மட்டும் நாற்பத்தெட்டு.

"சித்திரையிலை என்ன நடந்தது?"

"டொக்டர் சத்து மாத்திரை ஒண்டு மாத்தினவர் எண்டு நினைக்கிறன்," என்றார் கனகலிங்கம்.

பன்னிரண்டு மணிக்குச் சிவக்கொழுந்து குசினி யன்னலால் சோற்றுப் பீங்கான்களை நீட்டினாள். பராமரிப்பாளர்கள் வெளியில் நின்று வாங்கினார்கள். யோசப்பின் முப்பத்தைந்து வயதுக்காரி, மெலிந்தவள், இரண்டு பிள்ளைகளை இந்தச் சம்பளத்தில் படிப்பிக்கிறவள். முற்றத்துக் குழாயடியில் முழங்கைவரை சவர்க்காரம் போட்டுக் கை கழுவினாள். பீங்கானை வாங்கிக் கட்டிலடியில் வைத்துவிட்டுப் போய் மறுபடியும் கழுவினாள். கட்டில் சட்டத்தைப் பிடித்து அப்புவை நிமிர்த்தி இருத்தியதால் மூன்றாம் முறையும் கழுவினாள். மிரியம் எண்ணிக்கொண்டிருந்தாள். அது அவளுடைய வேலை.

"கரண்டியாலை குடு. மிஸ் பாக்கட்டும்," என்றார் கனகலிங்கம்.

யோசப்பின் கரண்டியை நீட்டினாள். சிவசுப்பிரமணியம் வாயை இறுக்கிப் பூட்டிக்கொண்டார். "அப்பு, கத்தரிக்காய்க் குழம்பெல்லே," என்று கெஞ்சினாள். அவர் சுவர்ப் பக்கம் திரும்பினார். கரண்டியும் திரும்பியது. சோறு மோவாயில் வழிந்து நெஞ்சில் விழுந்தது. பதினைந்து நிமிடம் இப்படிப் போனது. கனகலிங்கம் கட்டில் தலைமாட்டில் தொங்கிய தாளில், மத்தியான உணவு வழங்கப்பட்டது என்று எழுதினார். அது பொய்யில்லை. வழங்கப்பட்டதுதான்.

அந்த நேரம் வாசலில் தண்ணீர் பவுசர் வந்து ஹோர்ன் அடித்தது. "இஞ்சை நில்லுங்கோ மிஸ், வாறன்," என்று அவர் போனார்.

"கரண்டி ஏன் அப்புவுக்குப் பிடிக்காது?" என்று மிரியம் கேட்டாள்.

"மருந்தெண்டு நினைக்கிறார் போலை, மிஸ். கையைக் கண்டா ஆவெண்டுவார்."

"எப்ப தொடங்கினது, கையாலை குடுக்க?"

யோசப்பின் வாசலைப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "சித்திரையிலை. ஒருநாள் கரண்டி கீழை விழுந்துபோச்சு. வேறை எடுக்கக் குசினிக்குள்ளை நான் போகேலாது. கூப்பிட்டன், சிவக்கொழுந்தக்கா குளிக்கப் போட்டா. கிழவன் மூண்டு நாளா ஒண்டும் தின்னேல்லை. சரி நடக்கிறது நடக்கட்டுமெண்டு கையாலை குழைச்சுத் தீத்தினன். முழுப் பீங்கானும் திண்டிட்டார். திண்டுபோட்டு, காயிதம் வந்ததோ எண்டு கேட்டார்."

"நீங்கள் என்ன சொன்னீங்கள்?"

"வந்தது, எல்லாரும் சுகமெண்டு சொன்னன். பொய்தான் மிஸ். போன கிழமை படம் பிடிபட்டாப் பிறகு கரண்டிதான். ஒவ்வொரு நாளும் உப்பிடித்தான் ஊத்துப்படுது. ஒரு கிலோ இறங்கியிட்டார்."

"இப்ப கையாலை குடுங்கோவன்."

யோசப்பின் கண்ணால் மேலே காட்டினாள். கமராவில் பச்சை வெளிச்சம் எரிந்துகொண்டிருந்தது. "பாத்துக்கொண்டிருக்கினம். நான் கையாலை குடுத்தா வேலை போகும். வேலை போனா ஆர் உவருக்குத் தீத்திறது?"

பெரிய முடிவு எதையும் மிரியம் எடுக்கவில்லை. கதிரையை இழுத்துப் போட்டுப் பீங்கானை மடியில் வைத்தாள். சோற்றைக் குழைத்து, சின்ன உருண்டையாகப் பிடித்து நீட்டினாள். சிவசுப்பிரமணியம் கையைப் பார்த்தார். கண்கள் விரிந்தன. வாய் திறந்தது.

ஐந்தாம் உருண்டையில் கூரையிலிருந்து ஒரு குரல் வந்தது. மிரியம் திடுக்கிட்டாள். கமராவுக்குள் ஒலிபெருக்கியும் இருந்தது.

"மிஸ், நான் கோபிசங்கர், மகன். உங்களைப் பற்றிக் கனகலிங்கண்ணை சொன்னவர். தெல்லிப்பழையெண்டு. ஒரு கிழமையா அப்பா சாப்பிடேல்லை, மிஸ். வேலைக்குப் போனாலும் மனம் அங்கைதான் நிக்குது. இப்ப பாக்கச் சந்தோசமா இருக்கு. நான் கேட்டது இவ்வளவும்தான். சுத்தமான ஒரு கை."

மிரியம் தன் கையைப் பார்த்தாள். காலையில் பெற்றோல் அடித்த கை. றோல்ஸ் தின்ற கை. பிறகு ஏழு மாதத் தூசுப் பதிவேட்டைப் புரட்டிய கை. அவள் கை கழுவியிருக்கவில்லை.

சொல்ல வாயெடுத்தாள். "பிறேக் முடியுது மிஸ், கோடி புண்ணியம்," என்றது குரல். பச்சை வெளிச்சம் அணைந்தது. அது அணையாமல் இருந்திருந்தால் சொல்லியிருப்பாளா என்பது அவளுக்கே நிச்சயமில்லை.

யோசப்பின் சத்தமில்லாமல் போய்ச் சருவச்சட்டியில் தண்ணீரும் சவர்க்காரமும் கொண்டுவந்தாள். அவள் முதலிலேயே கண்டிருந்தாள் என்பது அவள் நடையிலேயே தெரிந்தது.

"கையைத் தாங்கோ, மிஸ்."

ஒரு குழந்தையின் கையைப் பிடிப்பதுபோல மணிக்கட்டில் பிடித்து, விரல் இடுக்குகளிலெல்லாம் தேய்த்துக் கழுவிவிட்டாள். மிரியத்துக்கு முகம் சூடேறியது.

"நான் யோசிக்கேல்லை, யோசப்பின். அப்புவுக்கு ஏதும் செய்தா?"

"செய்யாது. திண்டாரே, அது பெரிசு." யோசப்பின் சிரித்தாள். "வயித்தாலை போனாலும் நான்தானே கழுவப்போறன். ஆரும் கேட்டா, நான்தான் குடுத்தனான் எண்டு சொல்லுறன். உங்கடை பேர் வராது. நீங்கள் படிச்ச ஆக்கள், உங்களுக்கு ஏன் வில்லங்கம்?"

மீதிச் சோற்றைச் சுத்தமான கையால் மிரியமே தீத்தி முடித்தாள். பவுசர்க்காரனை அனுப்பிவிட்டு வந்த கனகலிங்கம் காலியான பீங்கானைக் கண்டு மகிழ்ந்தார். "பாத்தீங்களே, ஆளைப் பொறுத்த விசயம்," என்றார். இருபத்தேழை ஞாபகப்படுத்தினார். மிரியம் படிவத்தைத் தபாலில் அனுப்புவதாகச் சொல்லிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தாள்.

பிரதான வீதிக்கு ஏறுமுன் ஒரு பஸ் தரிப்பிடம் இருந்தது. பஸ் போய்விட்ட வேளை, ஒருவரும் இல்லை. மிரியம் சீமெந்து வாங்கில் உட்கார்ந்து, கண்ணை மூடிச் சின்னதாக ஒரு ஜெபம் செய்துவிட்டுப் படிவத்தை எடுத்தாள். இருபத்தேழாவது கேள்விக்குக் கொடுத்திருந்த இடம் ஒன்றரை வரி. போதாமல் ஓரத்திலும் எழுதினாள்.

"பரிசோதனை நாளன்று பராமரிப்பாளர் யோசப்பின் உணவுக்கு முன் மூன்று தடவை சவர்க்காரமிட்டுக் கை கழுவியதை நேரில் கண்டேன். கை கழுவாமல் உணவூட்டியவர் ஒருவரே. அவர் கீழே கையொப்பமிடும் உத்தியோகத்தர். அந்தக் கையைச் சுத்தமானதென்று குடும்பத்தார் பாராட்டினர். சுகாதார மீறல் ஒன்று. அதற்கு இல்லம் பொறுப்பல்ல, நானே பொறுப்பு. யோசப்பின் கையால் உண்ட மூன்று மாதத்தில் முதியவரின் நிறை ஆறு கிலோ கூடியது. அது தடுக்கப்பட்ட வாரத்தில் ஒரு கிலோ குறைந்தது. பதினான்காம் விதி நீக்கப்படும்வரையும், யோசப்பின் சேவையில் இருப்பது உறுதியாகும்வரையும் சான்றிதழ் வழங்கப்படலாகாது."

ஒருமுறை வாசித்தாள். 'நானே' என்ற சொல் மங்கலாக விழுந்திருந்தது. அதன் மேல் பேனாவால் இன்னொரு தடவை அழுத்தி எழுதினாள்.

பிறகு படிவத்தை உறையிலிட்டு ஒட்டி, தரிப்பிடத்துக்குப் பக்கத்திலிருந்த தபாற்பெட்டியின் வாயில் போட்டாள். அது உள்ளே விழுந்த சத்தம் கேட்கும்வரை நின்றாள். அந்த நேரம் யோசப்பின் அப்புவுக்குப் படுக்கைவிரிப்பு மாற்றிக்கொண்டிருப்பாள்.