நாற்பத்திரண்டு மாடிகள்

...பூஜ்யம், இன்னும் பூஜ்யம்தான், மணி பதினொன்றாகப் போகிறது, ஏறிய மாடியை எண்ணுவதற்கென்று மணிக்கட்டில் கட்டியிருக்கும் இந்தக் கறுப்புக் கடிகாரத்துக்கு இரக்கமே கிடையாது, நேற்று இதே நேரத்துக்குப் பதினேழு மாடி காட்டியது, இன்றைக்கு வட்டமாக ஒரு முட்டையை வரைந்துவைத்திருக்கிறது... லிஃப்ட்காரர் சட்டைக் கையைத் தூக்கிப் பார்த்தார், இறக்கினார், மறுபடி தூக்கினார். பார்த்துக்கொண்டே இருந்தால் ஏறிவிடுமா என்ன? லிஃப்ட் வாசலில் ‘பராமரிப்பு வேலை நடக்கிறது’ என்று பலகை தொங்குகிறது, மொட்டைமாடி இயந்திர அறையில் மெக்கானிக்குகள் இரண்டு பேர் எதையோ தட்டுகிறார்கள், மாலை ஐந்து வரை ஓடாது என்று சொல்லிவிட்டார்கள். ஆறு மணிக்கு அவர் வீட்டில் இருப்பார், மனைவி முதலில் கையைத்தான் பிடித்துப் பார்ப்பாள், “இன்னைக்கு எத்தனை மாடிங்க?” என்று, பிள்ளையின் மதிப்பெண் அட்டையைத் திறக்கிற முகத்தோடு. லிஃப்ட் ஓடவில்லை என்று சொல்லலாம், சொன்னால் உடனே கேட்பாளே, லிஃப்ட் ஓடலைன்னா படி இன்னும் அதிகமாத்தானே ஏறியிருக்கணும்? வயிற்றில் புளியைக் கரைத்தது. எடை குறைய வெட்டித் தைத்துச் சின்னக் கிண்ணம் அளவுக்குச் சுருக்கிய வயிறு, அதில் எவ்வளவு புளிதான் கரையும், ஆனாலும் கரைந்தது.

ஏறித்தான் ஆகவேண்டும், நாற்பது வேண்டாம், ஒரு பத்து மாடியாவது... கைப்பிடிக் கம்பி சில்லென்று இருந்தது. முதல் படி, இரண்டாவது. பத்தொன்பது வருஷமாக இந்தக் கட்டடத்தில் வேலை, ஆறு மாடியிலும் யார் எப்போது வருவார்கள், யார் கதவு சாத்துமுன் ஓடி வருவார்கள் என்பதெல்லாம் தெரியும், படிக்கட்டு மட்டும் அந்நிய வீடு மாதிரி. ஏமாற்றவேண்டும் என்று அவர் நினைக்கவே இல்லை, அதைச் சத்தியமாகச் சொல்வார், யார் கேட்டார்கள்? கடிகாரம் கட்டிய மூன்றாம் நாள் லிஃப்ட்டுக்குள் நின்று கால் கடுத்தது, கால் மாற்றிக் கால் மாற்றி மிதித்தார், கீழிருந்து ஆறாவது மாடி போய்ச் சேர்ந்ததும் மணிக்கட்டில் கடிகாரம் அதிர்ந்தது, ஆறு மாடி ஏறிவிட்டீர்களாம், சபாஷாம்! காலும் அசைந்து உயரமும் கூடினால் அந்தக் கழுதைக்குப் படியேறிய கணக்கு. அன்று சிரித்தார், மறுநாளும் மிதித்தார், இப்போது நான்கு மாதம் ஆயிற்று. மனைவி எப்போதாவது மதியம் சாப்பாடு கொண்டுவரும்போது கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் சொல்கிறாள், இவர் தினமும் நாற்பது மாடி ஏறுறார் தெரியுமா, நேத்து நாற்பத்திரண்டு!

முதல் மாடி. மூச்சு கொஞ்சம் ஏறியது, இது மூச்சுதானா, இல்லை, வேறு எதற்காவது ஆரம்பமா? உள்ளே தையல் பிரியாதா என்று எட்டு மாதத்தில் மூன்று முறை டாக்டரைக் கேட்டுவிட்டார், அது என்னைக்கோ ஆறிப்போச்சு, தாராளமா ஏறுங்க என்று டாக்டர் சிரித்தார், அவருக்கென்ன, அவருடைய வயிறா? ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லித்தரும் பெண் ஒருத்தி, ஊதினால் பறந்துவிடுவாள், அவள் சொன்னாள், “ஆபரேஷன் பாதி வேலைதான் சார் செய்யும், மீதி உங்க கால்ல இருக்கு, சும்மா உட்கார்ந்திருந்தா கொழுப்போட சேர்ந்து தசையும் கரைஞ்சுடும், ஏறி இறங்கினா தசை தங்கும், சர்க்கரை அடங்கும், இறங்கின எடை அவ்வளவு சுலபமா திரும்பி வராது, இதயமும் பலமாகும்.” எல்லாவற்றுக்கும் தலையாட்டினார், கடைசி வார்த்தைக்கு மட்டும் ஆட்டவில்லை. அடித்து அடித்து ஒரு பொருள் பலமாகுமா, உடையாதா? நூற்று நாற்பத்துமூன்று கிலோவிலிருந்து தொண்ணூற்றொன்றுக்கு வந்தவர், இன்று காலை எடை மெஷின் தொண்ணூற்று இரண்டரை காட்டியது. இறங்கி ஏறினார், அதே இரண்டரை. வேதாளம் மறுபடி முருங்கைமரம் ஏறுகிறதா? மனைவி வருமுன் மெஷினைக் கட்டிலுக்கு அடியில் காலால் தள்ளிவிட்டார். திரும்ப ரெட்டை டிக்கெட் ஆகிவிடுவேனா... அப்படித்தான் கூப்பிட்டார்கள், எட்டுப் பேர் லிஃப்ட்டில் அவரை இரண்டாக எண்ணுவார்கள், பாரம் கூடி மணி அடித்தால், ஓட்டுகிற அவரே வெளியே இறங்கி நின்றுகொண்டு, போயிட்டு வாங்க என்று அனுப்பிவைப்பார். சிரித்துக்கொண்டேதான்.

இரண்டாவது மாடி. கால் நின்றுவிட்டது. இதற்கு மேலே ஒன்பதாவது படி, ஓரம் உடைந்த படி, அங்கேதான் உட்கார்ந்தார், ஒன்றரை வருஷத்துக்கு முன்னால், கையில் இயந்திர அறைச் சாவியோடு. மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுபோயிருந்தது, உள்ளே ஐந்தாவது மாடி பல் ஆஸ்பத்திரியின் வரவேற்புப் பெண், தனியாக. சாவி மேலே போனால்தான் வண்டி அசையும், சாவியோ அந்த ஒன்பதாவது படியில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, வியர்த்துக்கொட்டி... “அண்ணே, மேல போயிட்டீங்களா? மூச்சு முட்டுது அண்ணே!” “இதோ போயிட்டேம்மா, ஒரே நிமிஷம்!” உட்கார்ந்தபடியே கத்தினார். கூண்டுக்குள் இருப்பவளுக்குக் குரல் மேலிருந்து வருகிறதா கீழிருந்து வருகிறதா என்றா தெரியும்? நாற்பது நிமிஷம், நான்கைந்து தடவை அதே பதில், அப்புறம் காவல்காரர் சாப்பிட்டுவிட்டு வந்து சாவியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார். பூட்டு சிக்கிக்கிச்சும்மா என்று லிஃப்ட்காரர் அவளிடம் சொன்னார், அவளும் நம்பினாள், அன்றிலிருந்து லிஃப்ட் பக்கமே வருவதில்லை. முழங்கால் வலி என்று சொல்லித்தான் ஆபரேஷனுக்குப் போனார், முழங்காலா வலித்தது? நின்ற காலைத் தூக்கி அடுத்த படியில் வைத்தார். ஆறு, ஏழு, எட்டு... நெஞ்சு கதவைத் தட்டுகிற மாதிரி தட்டியது, வாய் உலர்ந்தது, இங்கே விழுந்தால் யார் கேட்பார்கள், லிஃப்ட்டில் மணியாவது இருக்கிறது, படிக்கட்டில் என்ன இருக்கிறது? ஒன்பது. உட்காராதே, உட்கார்ந்தால் எழுந்திருக்கமாட்டாய். பத்து... பதினொன்று. உட்காரவில்லை. அட!

மூன்றாவது மாடியைத் தாண்டி நான்காவதுக்கு எப்படி வந்தார் என்று அவருக்கே தெரியவில்லை, எண்ணிக்கொண்டே வந்தார், எண்ணுவதில் நெஞ்சை மறந்துபோனார் போல. அப்போதுதான் மேலிருந்து செருப்புச் சத்தம், மடமடவென்று, பழகிய கால்களின் சத்தம். அவளேதான், பல் ஆஸ்பத்திரிப் பெண், கையில் மருந்துச் சீட்டோடு.

“அண்ணே! நீங்களா? படியில?”

“ஆமாம்மா... இன்னைக்கு லிஃப்ட்...” மூச்சு வார்த்தையை விழுங்கியது.

“மெதுவா, மெதுவா. அண்ணி சொன்னாங்க, தினமும் நாற்பது மாடி ஏறுறீங்களாமே, கேட்டு எனக்கு அவ்வளவு சந்தோஷம்.” சிரித்தாள், கள்ளம் இல்லாத சிரிப்பு, பிறகு புருவம் லேசாகச் சுருங்கியது. “ஆனா நான் காலையில, மதியம், சாயந்திரம் எப்பவும் படியிலதான் போறேன் வர்றேன். ஒரு நாள்கூட உங்களைப் பார்த்ததே இல்லையேண்ணே?”

“நான்... வேற நேரத்துல ஏறுவேம்மா.”

“ஓ, அப்படியா. நாளைக்கு எட்டே முக்காலுக்கு வாங்க, சேர்ந்தே ஏறலாம், எனக்கும் பேச்சுத்துணை.” போய்விட்டாள், சத்தம் மூன்று, இரண்டு என்று இறங்கிக்கொண்டே போனது.

நம்பினாளா? பூட்டு சிக்கியது என்பதை நம்பியவள்தான், இதையும் நம்பியிருப்பாள், நம்பாமல் அழைத்திருந்தால்? அன்றைக்கும் தெரிந்தே சும்மா இருந்திருந்தால்? நெஞ்சு இன்னும் அடித்துக்கொண்டிருந்தது, இத்தனை நேரம் அடித்தும் ஒன்றும் ஆகவில்லை, தையல் பிரியவில்லை, உயிர் போகவில்லை, இது படியேறிய அடியா, அவள் கேட்ட கேள்வியின் அடியா என்றுதான் பிரித்துச் சொல்ல முடியவில்லை. நாளைக்கு எட்டே முக்கால். லிஃப்ட்டும் ஓடும், அவளும் வருவாள். மணிக்கட்டில் கடிகாரம் அதிர்ந்தது. நான்கு. நான்கு மாதத்தில் அவர் கால் ஏறிய முதல் நான்கு, ஆறு மணிக்கு மனைவி கேட்பாள், “நேத்து நாற்பத்திரண்டு, இன்னைக்கு என்னங்க, நாலுதானா?” அதற்கு என்ன பதில்... கீழே எங்கோ கதவு சாத்தும் சத்தம். யாரோ வருகிறார்கள் போல. நாற்பத்திரண்டைத் தூக்கித் தூக்கிக் காட்டிய கை, சட்டைக் கையை இழுத்து அந்த நான்கை மூடிக்கொண்டது.