மாமனார் பெயரில் ஒரு ரிமோட்

எசென்குலுக்கு ஒரு பொருள் பிடித்துவிட்டால் அதைப் பற்றி ஊரெல்லாம் பேசித் தீர்த்துவிட்டுத்தான் ஓய்வான். நாரின் நகரச் சந்தையில் டிவி, டிஷ், ஸ்பீக்கர் விற்கிறவன் வேறு. வாய்க்குக் கேட்கவா வேண்டும்! அப்படித்தான் மூன்று வாரத்துக்கு முன்னால் அந்தத் தொடுதிரை ரிமோட்டை வீட்டுக்குக் கொண்டுவந்தான். உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்புக் கண்ணாடி. ஒரு பித்தான் கிடையாது. தொட்டால் வெளிச்சம் வரும், வெளிச்சத்தில் படங்கள் வரும்.

அன்றைக்கு நாலு பேரைக் கூப்பிட்டு, ஆடு போட்டு, சாப்பாடு முடிந்ததும் பிரசங்கம் ஆரம்பித்தான்.

"டிவிக்கு ஒண்ணு, டிஷ்ஷுக்கு ஒண்ணு, ஸ்பீக்கருக்கு ஒண்ணு, ஹீட்டருக்கு ஒண்ணு, விளக்குக்கு ஒண்ணு. அஞ்சு ரிமோட்! எது எங்கே கிடக்குன்னு தேடியே ஆயுசு போச்சு. இனி எல்லாத்துக்கும் இது ஒண்ணு போதும். இருட்டுல தானா ஒளிரும். யாரும் ரெண்டு மணி நேரம் தொடலைன்னா எல்லாத்தையும் தானா அணைச்சிடும், கரண்ட் மிச்சம்."

"கொழுப்புக் கையோட தொட்டா?" என்று பக்கத்து வீட்டு ஜோலோன் தன் விரல்களைக் காட்டினார். ஐந்து விரலும் ஆட்டுக்கொழுப்பில் பளபளத்தன. அவர் தொட்டார், டிவி எரியாமல் ஹீட்டர் எரிந்தது. எல்லாரும் சிரித்தார்கள்.

"கை கழுவாதவனுக்குத் தொடாமலே வேலை செய்யும், ஜோலோன் அண்ணே! கண்ணாடில எங்கேயாவது விரலை அழுத்திட்டு, அது பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, வேணுங்கிறதைக் கேட்டா போதும். பேரு நாம வைக்கிறதுதான். நான் என்ன பேரு வெச்சேன் தெரியுமா? எங்க அப்பா பேரு! ஒமுர்சாக்! அப்பா இருந்தவரைக்கும் இந்த வீட்ல அவர் சொன்னாத்தானே எதுவும் நடக்கும்? இப்பவும் அவர் பேரைச் சொன்னாத்தான் நடக்கும்."

கண்ணாடியை அழுத்தி, "ஒமுர்சாக், டிவி போடு!" என்றான். டிவி வந்தது. ஆண்கள் கைதட்டினார்கள். ஜோலோன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தலைநகர் பிஷ்கெக்கில் பிறந்து, ஊர்முறை பார்க்காமல் வளர்ந்த எசென்குலின் மனைவி குல்சுன்கூட, "ஒமுர்சாக், பாட்டுப் போடு," என்று சொல்லிப் பார்த்துச் சிரித்தாள்.

சாய்ரா அண்ணி மட்டும் சிரிக்கவில்லை. கெட்டிலைச் சாய்த்துத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். எசென்குலின் செத்துப்போன அண்ணனுடைய மனைவி. தாயில்லாத ஒன்பது வயதுப் பையனாக அவனைக் கையில் வாங்கி, குளிப்பாட்டி, பள்ளிக்கு அனுப்பி ஆளாக்கியவள் அவள்தான். மருமகளாக வந்தவள் புருஷன் வீட்டு ஆட்களின் பெயரைச் சொல்லக் கூடாது, மாமனார் பெயரை உயிர் போனாலும் சொல்லக் கூடாது. அந்த முறைக்குக் கட்டுப்பட்டுக் கொழுந்தனுக்கு அவளே ஒரு பெயர் வைத்தாள்: மூக்கொழுகி. பொருத்தமான பெயர்தான். மீசை முளைத்ததும், "ஆளுங்க முன்னாடி அப்படிக் கூப்பிடாதீங்க அண்ணி, மானம் போகுது," என்று அவன் சிணுங்கினான். அன்றிலிருந்து அவன் வெறும் 'தம்பி' ஆகிவிட்டான்.

பழைய ரிமோட்டுகள் ஐந்தையும் எசென்குல் கடைக்குக் கொண்டுபோய்க் கழிசல் பெட்டியில் போட்டான். அதில் டிவி ரிமோட்டின் ரப்பர்ப் பித்தான்கள் தேய்ந்து வழுவழுவென்று இருந்தன; நடுவிலிருந்த ஐந்தின்மேல் மட்டும் ஒரு பொட்டு புடைத்திருந்தது. யார் தேய்த்தார்கள் என்று யோசிக்க அவனுக்கு நேரம் ஏது?

அண்ணிக்குக் கண் கொஞ்சம் மங்கல் என்று எல்லாருக்கும் தெரியும். எவ்வளவு மங்கல் என்று யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. மாவு பிசைந்தாள், ரொட்டி சுட்டாள், தேநீர் ஊற்றினாள். கிண்ணத்து விளிம்பில் ஒரு விரலை வளைத்து வைத்துக்கொண்டு ஊற்றுவாள். "விரலை எடுங்க அண்ணி, விருந்தாளிங்க பார்க்கிறாங்க," என்று அவன் ஒருதரம் கடிந்துகூடக் கொண்டான்.

ரிமோட் வந்த பிறகு இன்னொரு தொல்லை. தினமும் சாயங்காலம் கண்ணாடியின் நடுவில் ஒரு மாவுப் பொட்டு காய்ந்து ஒட்டியிருக்கும். மிளகு அளவுதான். எசென்குல் நகத்தால் சுரண்டி எடுத்து, துணியால் துடைத்து, "மாவுக் கையோட இதைத் தொடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?" என்பான். அவள், "சரி தம்பி," என்பாள். மறுநாள் மறுபடி ஒட்டியிருக்கும்.

காலையில் எப்போது பார்த்தாலும் டிவியில் ருஷ்யமொழி மீன்பிடிச் சானல் ஓடும். குல்சுன் காலையில் வேலைக்குப் போகும்போது எதில் விட்டாளோ, தானாக அணைகிறவரை அதிலேயே நிற்கும். "எங்க அண்ணி வோல்காவுக்கு மீன் பிடிக்கக் கிளம்பிட்டாங்க," என்று சந்தையில் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். மடையன்!

வசந்தப் பண்டிகையான நோரூஸ் வந்தது. அன்றைக்குப் பிஷ்கெக்கில் கோக்-பொரு இறுதி ஆட்டம். சாய்ராவின் ஒரே மகன் தாலாய் நாரின் அணியில் முதல்முறையாக இறங்குகிறான். குதிரைமேல் இருந்தபடியே ஆட்டு உடலைப் பிடுங்கிக்கொண்டு ஓடி எதிராளியின் தொட்டியில் போடுகிற ஆட்டம். பிள்ளையைப் பெற்றவள் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் பார்க்க வேண்டும். ஒரு வாரமாக அவளுக்கு வேறு பேச்சில்லை. பண்டிகைக்குச் சாயங்காலம் வருகிறவர்களை உபசரிக்க வீட்டில் ஒருத்தர் வேண்டும் என்று அவள்தான் தங்கினாள். எசென்குலும் குல்சுனும் ஜோலோனின் காரில் குல்சுனின் அக்கா கிராமத்துக்குக் கிளம்பினார்கள்.

"ஒம்பது மணிக்கே ஆட்டச் சானலைப் போட்டு விட்டுட்டேன். ஒரு மணிக்கு ஆரம்பம். நீங்க உட்கார்ந்து பார்த்தா போதும்," என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஆட்டத்தின் பாதியில் தாலாயின் குதிரை சரிந்தது. எழுந்தவன் கையைத் தூக்க முடியாமல் நின்றான். தோள்பட்டை எலும்பு முறிவு. மருத்துவமனையிலிருந்து அவனே எசென்குலுக்குப் போன் செய்தான். "சித்தப்பா, எனக்கு ஒண்ணுமில்ல. அம்மா டிவில பார்த்துப் பதறிப்போயிருப்பாங்க. அவங்க போன் அணைஞ்சு கிடக்கு. நீங்க போய்ச் சமாதானம் சொல்லுங்க."

அண்ணியிடமிருந்து ஒரு போன்கூட வரவில்லையே என்று எசென்குல் ஒரு கணம் யோசித்தான். தைரியசாலி, தாங்கிக்கொண்டாள் என்று அவனே முடிவு கட்டிக்கொண்டு இன்னொரு தட்டு சாப்பிட்டான்.

சாயங்காலம் எசென்குலும் குல்சுனும் ஜோலோனோடும் சந்தைக்காரர்கள் இரண்டு பேரோடும் வீடு திரும்பினார்கள். தரைவிரிப்பில் எண்ணெயில் பொரித்த போர்சோக் மாவுத்துண்டுகளைக் குவித்து, கிண்ணங்கள் அடுக்கி எல்லாம் தயார். சாய்ரா நல்ல தலைத்துணி கட்டியிருந்தாள்.

"ஆட்டம் பார்த்தீங்களா, சாய்ரா?" என்று ஜோலோன் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"பார்த்தேனே! ரொம்ப நல்லா ஆடினான்," என்றாள் அவள், கிண்ணத்தை விரலால் தேடிக்கொண்டே.

ஜோலோன் குல்சுனைப் பார்த்தார். அப்போதாவது எசென்குல் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். விருந்தாளிகள் முன்னால் அவனுக்குச் சிரிப்பு முந்திக்கொண்டு வந்தது.

"நல்லா தூங்கிட்டீங்கன்னு சொல்லுங்க, அண்ணி! பையன் குதிரையோட விழுந்து எலும்பை உடைச்சுக்கிட்டான், நீங்க என்னடான்னா நல்லா ஆடினான்கிறீங்க!"

சாய்ராவின் கை ஊற்றிக்கொண்டே இருந்தது. விருந்தாளிக்கு அரைக்கிண்ணம்தான் ஊற்றுவது; அது நிரம்பி, வழிந்து, விரிப்பில் ஓடி, ஜோலோனின் முழங்காலைச் சுட்டது. அவர் அசையவில்லை.

"விழுந்தானா? எப்போ? என் பிள்ளை எங்கே?"

குல்சுன் பாய்ந்து கெட்டிலை வாங்கி, "அக்கா, ஒண்ணுமில்ல, தோள்தான், பேசறான், நல்லா பேசறான், வாங்க," என்று தாலாயின் எண்ணைப் போட்டுக்கொண்டே அவளைக் கைப்பிடித்துச் சமையலறைக்கு அழைத்துப்போனாள்.

எசென்குலுக்கு என்னவோ மாதிரி ஆகிவிட்டது. ஆனால் விட்டுக்கொடுக்கிற ஆளா அவன்? "டிவி பழுதோ என்னவோ," என்று முனகிக்கொண்டு ரிமோட்டை எடுத்தான். நடுவில் அதே மாவுப் பொட்டு. சுற்றிலும் கண்ணாடி முழுக்க விரல் தடங்கள். வெளிச்சம் வந்ததும் மூலையில் ஒரு வரி மின்னியது: 'புரியாத கட்டளைகள் 41.'

"அட, இதைப் பாருங்க! சொன்னதை எல்லாம் எழுதி வெச்சிருக்கு. எங்க அண்ணி இதோட சண்டை போட்டிருக்காங்க," என்று கண்ணடித்துவிட்டு உரக்கப் படிக்க ஆரம்பித்தான்.

"பதினொண்ணு பத்து. 'அணைஞ்சு போச்சே.' பதினொண்ணு பன்னெண்டு. 'பெரியவரே, கொஞ்சம் டிவியைப் போடுங்க.' பெரியவராம்!" சந்தைக்காரர்களில் ஒருவன் சிரித்தான். "'இந்த வீட்டுப் பெரியவரே.' 'வெள்ளைத்தாடிக்காரரே.' 'என் வீட்டுக்காரரைப் பெத்தவரே, குதிரைச் சானல்.' 'மாமா...'"

"நிறுத்துடா," என்றார் ஜோலோன்.

"என்ன அண்ணே?"

"அதுக்கு யார் பேரு வெச்சே நீ? அவ அந்தப் பேரைச் சொல்வாளா? நானும் ஒரு மடப்பய, உட்கார்ந்து கைதட்டினேனே அன்னைக்கு!"

எசென்குலுக்குக் காது மடலிலிருந்து கழுத்துவரை எரிந்தது. வாய் நின்றுவிட்டது, கண் நிற்கவில்லை. வரிகள் கீழே கீழே போய்க்கொண்டே இருந்தன.

'தாலாயோட தாத்தா, உங்க பேரன் ஆடறான்.'

'அஞ்சாம் நம்பர் எங்கே இருக்குன்னு கைக்குத் தெரியல, மாமா. மாவு ஒட்டி அடையாளம் வெச்சேன். தடவிப் பார்த்து அழுத்தினா ஹீட்டர்தான் எரியுது.'

'ஒரு மணி ஆயிருக்குமா?'

'இந்த வீட்டுக்கு வந்து முப்பத்தெட்டு வருஷம். உங்க பேரை ஒருதடவைகூட வாயால சொன்னதில்ல. இன்னைக்குச் சொல்ல வெச்சிடாதீங்க.'

கடைசி வரி இரண்டு நாற்பதுக்கு. தாலாய் விழுந்து அரைமணி நேரம் ஆகியிருந்தது.

'போட வேணாம். பையன் விழாம இருக்கானான்னு மட்டும் சொல்லுங்க.'

விருந்தாளிகள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். ஜோலோன் வாசலில் செருப்பு மாட்டும்போது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எசென்குல் உட்கார்ந்தே இருந்தான். இத்தனை நாள் சுரண்டி எறிந்த மாவுப் பொட்டுகளை நினைத்தான். பூமி பிளந்து தன்னை விழுங்கினால் தேவலை என்று இருந்தது.

சமையலறைக்குப் போனான். சாய்ரா பேசி முடித்த குல்சுனின் போனைப் பிடித்தபடி நின்றிருந்தாள்.

"நல்லா பேசினான் தம்பி. சாப்பிட்டானாம்," என்றாள். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு, "பார்த்தேன்னு பொய் சொல்லிட்டேன். ஆளுங்க முன்னாடி உன் மானம் போகுமேன்னுதான்," என்றாள்.

அவன் மன்னிப்புக் கேட்கத்தான் வந்தான். கேட்டது வேறு.

"கண்ணு எவ்வளவு தெரியுது அண்ணி?"

"வெளிச்சம் தெரியும். நீ நிக்கிறது தெரியுது. போதாதா?"

"ஏன் சொல்லல?"

"அப்பா பேரை வெச்சுட்டு எவ்வளவு பெருமையாச் சொன்னே! அதுல நான் போய்க் குறை சொல்றதா?"

எட்டு மணிக்கு ஆட்டத்தை மறுபடி போடுவார்கள். எசென்குல் ரிமோட்டில் அப்பாவின் பெயரை அழித்தான். 'புதிய பெயரைச் சொல்லவும்' என்றது கண்ணாடி. குல்சுன் பார்த்துக்கொண்டிருக்க, அவன் அதை அழுத்திப் பிடித்துத் தெளிவாகச் சொன்னான்: "மூக்கொழுகி."

அண்ணியை டிவி முன்னால் உட்கார வைத்து, கண்ணாடியை அவள் கையில் கொடுத்தான். "எங்கே வேணாலும் அழுத்துங்க. என்னைக் கூப்பிடற மாதிரி கூப்பிடுங்க. பழைய பேரு."

சாய்ரா கண்ணாடியை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு அழுத்தி, யாருக்கும் கேட்காத குரலில், "மூக்கொழுகி, குதிரைச் சானல் போடுப்பா," என்றாள். டிவி வந்தது.

அவன் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே வந்தான்: யார் முன்னால், ஆடு யார் கையில், தாலாய் எந்தப் பக்கம். நடுவில் கூட்டம் ஓவென்று அலறியது.

"இப்பத்தானே விழுந்தான்?" என்று கேட்டாள் அவள்.

"ஆமா அண்ணி."

"எந்தத் தோளு?"

"இடது."

சாய்ரா தன் இடது தோளைக் கையால் பொத்திக்கொண்டாள். "சொல்லு, எழுந்திரிச்சுட்டானா?" என்றாள்.