எட்டு போல்ட்

அப்பாவின் தோள்பையைக் கட்டிலில் கவிழ்த்து உதறிக்கொண்டிருந்தாள் அவள். இறப்புச் சான்றிதழ் எழுத அடையாள அட்டை கேட்ட டாக்டர், ஹாலில் கடிகாரத்தையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். பையிலிருந்து டேப், இரண்டு மூக்குக்கண்ணாடி, பாதி தின்ற பிஸ்கட் பாக்கெட், ஒரு கற்றைத் தாள் எல்லாம் விழுந்தன. அட்டையும் விழுந்தது. அதை மாமாவிடம் கொடுத்துவிட்டுத் தாள்களை அடுக்கும்போதுதான் அந்தப் பக்கம் கண்ணில் பட்டது.

ஆலையின் மொட்டைமாடியில் நேற்று தூக்கி வைத்த இரும்பு டேங்கின் கணக்கு அது. காலி டேங்கைக் காற்று கவிழ்க்கப் பார்க்கும். அந்த இழுப்பை அடியில் இருக்கும் போல்ட்கள் தாங்க வேண்டும். அப்பா இழுப்பைப் பன்னிரண்டால் வகுத்திருந்தார். தரையில் நிற்கும் டேங்க் என்றால் விளிம்பைச் சுற்றிப் பன்னிரண்டு போல்ட் போடலாம், யார் கேட்கப்போகிறார்கள்? இது நான்கு பீம் மேல் நிற்கிறது. ஒவ்வொரு பீமையும் விளிம்பு இரண்டு இடத்தில்தான் கடக்கும். ஆக எட்டு; ஒவ்வொன்றின் மேலும் அவர் கணக்கிட்டதைவிட ஒன்றரை மடங்கு இழுப்பு. வரைபடத்திலும் எட்டுதான். போன வேலையின் கணக்கை நகலெடுத்து எண்களை மாற்றியவர், இந்த ஒன்றை மட்டும் கோட்டை விட்டிருக்கிறார்.

கீழே, 'சரிபார்த்தவர்' என்ற இடத்தில், அப்பாவோடு அதே வேலை பார்க்கும் அவளுடைய கையெழுத்து. அப்பா போட்ட கணக்கில் என்ன இருக்கப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு போட்டது. அடுத்த தாளில் இருந்த பீம் கணக்கை இப்போது வரி வரியாகப் பார்த்தாள்.

ஜன்னல் படாரென்று அடித்துக்கொண்டது. காலையிலிருந்தே காற்று ஒரு நிலையில் இல்லை. அவள் போனை எடுத்துக்கொண்டு கிளம்ப, மாமா மறித்தார்.

"எங்கம்மா போறே? ஆளுங்க வந்துட்டிருக்காங்க."

சொன்னாள். மாமா குரலைத் தாழ்த்தினார்.

"வர்றவன் எல்லாம் உங்கப்பாவைப் பத்தி, 'போல்ட் சார் மாதிரி ஒரு ஆளு உண்டா'ங்கறான். இன்னிக்குப் போய் அவரு தப்புப் பண்ணிட்டாருன்னு பெத்த பொண்ணே சொல்லணுமா? நாளைக்குச் சொல்லிக்கலாம்."

அவளுக்கும் அப்படித்தான் இருந்தது. ஒரே ஒரு நாள்.

அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா நிமிர்ந்தாள்.

"அந்த டேங்குக்குக் கீழ ஆளுங்க இருக்காங்களா?"

"பெயிண்ட் அடிக்கிறாங்கம்மா."

"அப்புறம் என்ன நின்னுட்டிருக்கே? கூப்பிடு."

ஆலை சூப்பர்வைசர் உடனே எடுத்தார். "என்னம்மா, சாரை எப்ப எடுக்கறீங்க? நாங்க எல்லாரும் வர்றோம்."

"அண்ணே, முதல்ல மாடியில இருக்கறவங்களைக் கீழ இறக்குங்க. கீழ மோட்டாரைப் போட்டு டேங்க்ல தண்ணி ஏத்துங்க. போல்ட் கணக்கு தப்பு. காலியா நின்னா இந்தக் காத்துக்குத் தாங்காது."

"தண்ணி டெஸ்ட் நாளைக்குத்தானே? சாரு கணக்கு எங்கம்மா தப்பாகும்? நீ துக்கத்துல ஏதோ..."

"தப்புதாண்ணே. அப்பா பண்ண தப்பு. நானும் பார்க்காம கையெழுத்துப் போட்டுட்டேன்."

மறுமுனையில் காற்றின் இரைச்சலுக்கு மேல் அவர் குரலை உயர்த்தினார்.

"தண்ணி ஏத்தினா பீம் தாங்குமா?"

"முழு டேங்குக்குப் போட்ட பீம். அந்தக் கணக்கை இப்பத்தான் வரி வரியாப் பார்த்தேன். சரியா இருக்கு."

"டேய், எல்லாரும் இறங்குங்கடா!" என்று அவர் கத்துவது கேட்டது. பிறகு, "நாங்க வர முடியாதும்மா. இங்க நிக்கணும். சார்கிட்ட..." என்று தொடங்கி, முடிக்காமல் வைத்துவிட்டார்.

அதன்பின் வந்தவர்கள் எல்லாரும் அவள் கையைப் பிடித்து அப்பாவைப் புகழ்ந்தார்கள். அவள் தலையாட்டினாள். எதுவும் காதில் ஏறவில்லை. நிமிடத்துக்கு ஒருமுறை போனைப் பார்த்தாள். மரியாதை தெரியாத பெண் என்று யாரோ முணுமுணுத்தது மட்டும் நன்றாகக் கேட்டது.

வண்டியில் அப்பாவின் ஒருபுறம் அவளும் மறுபுறம் அம்மாவும் உட்கார்ந்தார்கள். தெருமுனை திரும்பும்போது செய்தி வந்தது.

'பாதி ஏறிடுச்சு. டேங்க் ஆட்டம் நின்னுடுச்சு.'

படித்தவள், எப்போதும் போலப் போனை அப்பா பக்கம் நீட்டினாள். கை பாதியில் நின்றது. அம்மா எட்டி அதை வாங்கி, கண்ணாடி இல்லாததால் தள்ளிப் பிடித்துக்கொண்டு, அவருக்குக் கேட்கிற மாதிரி மெல்லப் படிக்கத் தொடங்கினாள்.